மதுரையா பெங்களூரா: ஆஃபர் லெட்டரில் வராத கணக்கு

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிற ஒரு கம்பெனியில் இருந்து ஆஃபர் லெட்டர் வந்த அன்று ராத்திரி, பையனுடைய ரஃப் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் மதுரைச் சம்பளம், கைக்கு வருவது 45,000. இன்னொரு பக்கம் பெங்களூருச் சம்பளம், 75,000 சொச்சம். மாதம் 30,000 அதிகம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தாளை மனைவியிடம் கொடுத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என் பதினெட்டாயிரம் இதுல எங்கங்க இருக்கு?"

அவர் மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினோரு வருஷமாக அதே பள்ளி. நான் அந்தச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேண்டுமென்று விட்டதில்லை, எனக்குத் தோன்றவே இல்லை. ஊர் மாறலாமா வேண்டாமா என்று என்னிடம் வந்து கேட்கிற தம்பிகள் பலரும் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆஃபர் லெட்டர் ஒருவர் பெயருக்குத்தான் வரும். அதில் இருக்கிற எண்ணும் ஒருவருடைய எண்தான். கிளம்பப் போகிறது ஒரு குடும்பம் என்றால் குடும்பத்தின் எண்ணைப் போட வேண்டும், அது வேறு கணக்கு.

முதலில் அந்த 75,000 எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். சி.டி.சி., அதாவது கம்பெனி நமக்காக ஒரு வருஷத்துக்குச் செய்கிற மொத்தச் செலவு, 12 லட்சம் என்றால் மாதம் ஒரு லட்சம் என்று மனசு தானாக வகுத்துக்கொள்ளும். அதில் பத்து சதவீதம் வேரியபிள் பே, அதாவது கம்பெனி நன்றாகப் போனால், நம் ரேட்டிங்கும் நன்றாக இருந்தால், வருஷக் கடைசியில் வரக்கூடிய பணம். அது மாதம் 10,000, கழித்துவிடுங்கள். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 50,000 என்று வைத்தால் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 6,000 ரூபாய். கிராஜுட்டி, அதாவது வேலையை விடும்போது தருகிற பணிக்கொடை, அதற்கென்று பேசிக்கில் 4.81 சதவீதம், 2,405 ரூபாய். இரண்டையும் சி.டி.சி.க்குள்ளேயே சேர்த்துத்தான் காட்டியிருப்பார்கள். மீதி 81,595. அதில் நம் பங்கு பி.எஃப். இன்னொரு 6,000, கர்நாடகத் தொழில் வரி 200. கைக்கு 75,395. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டில் இருந்து 12 லட்சம் வரை வரி விதிப்புக்குரிய வருமானம் இருந்தால் தள்ளுபடி போக வரி இல்லை, சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலைக்கழிவும் உண்டு என்பதால் இந்த அளவில் வருமான வரி பிடிக்க மாட்டார்கள். ஆனால் அதே புதிய முறையில் வீட்டு வாடகைக்குச் சலுகை கிடையாது. கொடுக்கிற வாடகை முழுவதும் நம் பையில் இருந்து போவதுதான்.

இப்போது குடும்பக் கணக்கு. மதுரையில் நாங்கள் இருந்தது அப்பா கட்டிய வீடு, மாடியில் நாங்கள், கீழே அப்பா அம்மா. வாடகை இல்லை, சமையல் ஒன்று, கேஸ் ஒன்று, கரண்ட் பில்லையும் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். இரண்டு பேர் சம்பளமும் சேர்த்து 63,000. பெங்களூரில் நாங்கள் பார்த்த இரண்டு படுக்கையறை வீடு 24,000, அப்பார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் 3,000. ஒரு அடுப்பு இரண்டு அடுப்பு ஆவதால் மதுரை வீட்டுக்கு மாதம் 8,000 அனுப்ப வேண்டும். 75,400இல் இதையெல்லாம் கழித்தால் 40,400. அந்தப் பக்கம் 63,000, இந்தப் பக்கம் 40,400. ரஃப் நோட்டுத் தாளில் 30,000 லாபம் என்று இருந்தது, மனைவியின் கேள்விக்கு அப்புறம் மாதம் 22,600 நஷ்டம் என்று ஆனது. பஸ் கட்டணம், பள்ளிக் கட்டணம் எதையும் இன்னும் தொடவே இல்லை.

அவருக்கு அங்கே வேலை கிடைக்காதா என்று கேட்கலாம். கணக்கு டீச்சருக்குக் கிடைக்கும். ஆனால் எப்போது? பள்ளிகள் பெரும்பாலும் கல்வியாண்டின் தொடக்கத்தை ஒட்டித்தான் ஆள் எடுக்கும், நடுவில் போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இது அவரவர் வேலையைப் பொறுத்து ரொம்பவே மாறுகிற விஷயம். மனைவி நர்ஸ் என்றால் சீக்கிரம் கிடைத்துவிடும். தமிழாசிரியர் என்றால் கர்நாடகத்தில் மிகவும் கஷ்டம். தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் மாநில எல்லையைத் தாண்டி மாறுதலே கிடையாது. வேலையை விடுவது, இல்லையென்றால் பிரிந்து இருப்பது, வேறு வழியில்லை. அரசு வேலையை விட்டுவிட்டு வரச் சொல்கிற கணவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தனியார் கம்பெனி ஆஃபருக்காக அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தனியார் வேலை போனால் இன்னொன்று வரும், அரசு வேலைக்கு மறுபடி பரீட்சை எழுதி, வயது வரம்பையும் பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவு நஷ்டம் என்றால் ஏன் போக வேண்டும்? மதுரையில் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தமிழக அரசின் எல்காட் ஐ.டி. வளாகங்கள் இருக்கின்றன, நானும் இலந்தைக்குளத்தில்தான் வேலை பார்த்தேன். ஆனால் என் வேலைக்கு ஆள் எடுக்கக்கூடிய கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஒரு இடத்தில் வேலை போனால் அதன் பிறகு ஊர் மாறித்தான் ஆக வேண்டும், அதுவும் அவசர அவசரமாக, கையில் சம்பளம் இல்லாமல், கிடைத்த வேலைக்கு. பெங்களூரில் வேலை போனால் அதே வீட்டில் இருந்துகொண்டே அடுத்த வேலை தேடலாம். முதல் ஆஃபரின் சம்பளத்தை விட அந்த ஊரில் கிடைக்கக்கூடிய இரண்டாவது, மூன்றாவது வேலைக்குத்தான் மதிப்பு அதிகம். இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த வாதம் நம் வேலைக்கு அந்த ஊரில் நிஜமாகவே பல கம்பெனிகள் இருந்தால்தான் பொருந்தும். ஒரே ஒரு தொழிற்சாலையை நம்பி ஒரு ஊருக்குப் போவது, மதுரையில் இருந்த அதே நிலைமையை வாடகை கொடுத்து வாங்குவது போல.

ஆக முதல் வருஷக் கணக்கில் தோற்கிறோம், நாலாவது வருஷக் கணக்கில் ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறது. நடுவில் இருக்கிற மூன்று வருஷத்தை யார் சுமக்கிறார்கள் என்று பார்த்தால், வேலையை விட்ட மனைவி, கீழ்வீட்டில் தனியாகிப்போன அப்பா அம்மா, பள்ளி மாறுகிற பிள்ளை. என் கெரியருக்கு வருகிற நன்மைக்கு அவர்கள் முன்பணம் கட்டுகிறார்கள். இதை அவர்களிடமே எண்ணாக எழுதிக் காட்டி, சம்மதமா என்று கேட்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. வீட்டில் எல்லாரும் "உனக்கு நல்லதுன்னா போப்பா" என்றுதான் சொல்வார்கள். அந்த வார்த்தையைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளையின் படிப்பில் பணத்தை விடப் பெரிய சிக்கல் மொழிதான், இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை கன்னடத்தையும் ஒரு பாடமாகப் படிக்க வேண்டும். அது நல்லதுதான், வாழப்போகிற ஊரின் மொழியைப் பிள்ளை கற்றுக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் திரும்பி வரும்போது. தமிழ்நாட்டில் 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். ஒன்றாம் வகுப்பில் போன பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்து மதுரைக்குத் திரும்பினால், வீட்டில் தமிழ் பேசத் தெரியும், செய்யுளும் இலக்கணமும் தெரியாது. மற்ற பிள்ளைகள் எட்டு வருஷம் படித்ததை இரண்டு வருஷத்தில் படித்துப் பொதுத்தேர்வு எழுத வேண்டும். அதனால் போவதாக இருந்தால் வீட்டில் தினம் அரை மணி நேரம் தமிழ் எழுதப் படிக்க வைப்பதைப் போன நாளில் இருந்தே தொடங்க வேண்டும். இன்னொன்று, நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்வில் எட்டாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பதில்லை, வெளியே படித்திருந்தால் கேட்பார்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் இன்னும் கவனம் வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், நடுவில் ஒரு வருஷம் வெளியூர் போனாலும் அந்த வாய்ப்பு போய்விடும். என் பையன் அப்போது நாலாம் வகுப்பு. அவன் ஒன்பதில் இருந்திருந்தால் நான் ஆஃபரை வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

அப்பா அம்மா விஷயம். அப்பாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறது. கம்பெனி இன்சூரன்ஸில் பெற்றோரைச் சேர்ப்பார்களா, அதற்குத் தனியாகப் பிரீமியம் பிடிப்பார்களா, மதுரையில் நாம் வழக்கமாகப் போகிற ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இந்த மூன்றையும் ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டும். கம்பெனி பாலிசி வேலையோடு முடிந்துபோகும். சொந்தமாக ஒரு பாலிசி இருந்தால் ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதில் ஓடிக்கொண்டே இருக்கும், 2024இல் இருந்து அது அதிகபட்சம் மூன்று வருஷம். கம்பெனியை மட்டும் நம்பினால் வேலை மாறும் அந்த இடைவெளியில்தான் ஏதாவது நடந்து தொலைக்கும் என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம், எவ்வளவு நேரத்தில் ஊர் வந்து சேர முடியும். மதுரை பெங்களூரு தூரம் சுமார் 430 கிலோமீட்டர். 2024 ஆகஸ்ட் 31இல் மதுரை பெங்களூரு வந்தே பாரத் விட்டபோது எல்லாருக்கும் சந்தோஷம், ஆனால் அது பகல் வண்டி. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துக் கிளம்பி சனிக்கிழமை காலையில் வீட்டில் காபி குடிக்க நினைக்கிறவனுக்கு ராத்திரி வண்டிதான் வேண்டும், மைசூரு தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மாதிரி. அதில் வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுப்பது ஒரு போராட்டம். முன்பு 120 நாளுக்கு முன்பே எடுக்கலாம், 2024 நவம்பரில் இருந்து 60 நாள்தான். டிக்கெட் கிடைக்காவிட்டால் ஆம்னி பஸ், தீபாவளி பொங்கலுக்கு அதன் கட்டணம் எல்லாருக்கும் தெரியும். மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு வந்துபோகிற செலவை வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போகும்.

வீடு பிடிக்கிற செலவு முதல் அடி. பெங்களூரில் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது வழக்கம், இப்போது பல இடங்களில் ஐந்து ஆறு மாதத்துக்கு இறங்கியிருக்கிறது. 24,000 வாடகைக்கு ஆறு மாதம் என்றால் 1,44,000. காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் அங்கே வழக்கம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வண்டி இருந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் அந்த மாநிலப் பதிவுக்கு மாற்ற வேண்டும், மதுரை ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே ஆயுள் வரி கட்டி. பழைய பைக் என்றால் ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது நிம்மதி.

இருக்கிற வேலையை எந்தத் தேதியில் விடுகிறோம் என்பதிலும் பணம் இருக்கிறது. கிராஜுட்டிக்கு நிரந்தர ஊழியர் ஐந்து வருஷம் முடித்திருக்க வேண்டும். பேசிக் 25,000 என்றால் ஐந்து வருஷத்துக்கு சுமார் 72,000 வரும். நாலு வருஷம் எட்டு மாதத்தில் இருக்கிற ஒருவர் அவசரமாக ராஜினாமா செய்வதை விட, சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பது புத்திசாலித்தனம். நாலு வருஷத்துக்கு மேல் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே ஐந்தாக எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் அதை நம்பி விடுவதற்கு முன்பு எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், வேலை மாறினாலும் மாறாத யு.ஏ.என். என்கிற அதே பி.எஃப். எண்ணில் புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

புதுக் கம்பெனி ரீலொகேஷன் பணம், அதாவது ஊர் மாறுகிற செலவுக்கான பணம், தருகிறது என்றால் ஆஃபர் லெட்டரில் அதைச் சொல்கிற பத்தியின் கடைசி வரியைப் படியுங்கள். ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கும், சில இடங்களில் இரண்டு வருஷம். எனக்குத் தெரிந்த ஒருவர் லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு போய், எட்டாவது மாதத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் திரும்ப வேண்டி வந்தது. கடைசி மாதச் சம்பளம் முழுவதும் அதற்கே போய்விட்டது. கிடைத்ததை அப்படியே வங்கியில் போட்டு வைத்து ஒரு வருஷம் கழித்து நம் பணமாக நினைப்பது நல்லது. வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ் வர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இன்டர்வியூவில் வாய்வார்த்தையாக இரண்டு நாள் என்பார்கள், மேனேஜர் மாறினால் ஐந்து நாள் ஆகும்.

நாங்கள் கடைசியில் போனது பெங்களூரு இல்லை, ஓசூர். எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர், அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. எங்களுக்கு வாடகை 12,000, அட்வான்ஸ் மூன்று மாதம், பையனுக்குத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், பைக்கும் பதிவை மாற்றாமல் அப்படியே இருக்கிறது. மனைவிக்கு ஜூனில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது, 15,000. மதுரையை விட 3,000 குறைவு, பதினோரு வருஷ சீனியாரிட்டி போனதை எந்த எண்ணிலும் எழுத முடியாது, அது அவருக்கு இன்னும் வருத்தம்தான். காலையில் நான் பஸ்ஸில் பொம்மசந்திரா தாண்டிப் போகிறேன். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மஞ்சள் வழித்தட மெட்ரோ திறந்ததில் இருந்து சில்க் போர்டு பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கும் இந்த வழி ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால் ஆபீஸ் ஒயிட்ஃபீல்டிலோ ஹெப்பாலிலோ என்றால் ஓசூரை நினைக்கவே வேண்டாம், தினம் ஐந்து மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும்.

குடும்பம் ஓசூருக்கு வருவதற்கு முன்பு ஆறு மாதம் நான் மட்டும் பி.ஜி.யில், அதாவது பேயிங் கெஸ்ட் விடுதியில், இருந்தேன். புரொபேஷன் முடியட்டும், பையன் பள்ளி வருஷம் முடியட்டும் என்று. தனியாகப் போய்ப் பார்ப்பது நல்ல வழிதான், வேலை சரிப்படாவிட்டால் ஒரு பெட்டியோடு திரும்பிவிடலாம். ஆனால் அதற்கு ஒரு கடைசித் தேதி வேண்டும். பி.ஜி.யில் நாலு வருஷம் ஓட்டிவிட்ட அப்பாக்களைப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் ஒவ்வொருவரும் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். நாங்கள் ஜூன் 1 என்று காலண்டரில் எழுதி வைத்திருந்தோம், அதற்குள் ஒன்று குடும்பம் வரும், இல்லை நான் திரும்புவேன் என்று.

ஆஃபருக்கு மூன்று நாளில் பதில் சொல்லச் சொல்வார்கள். ஒரு வாரம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். அந்த வாரத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து அந்த ஊருக்குப் போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் ரோடு காலியாக, ஊர் அழகாக இருக்கும். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, வீடு பார்க்க நினைக்கிற தெருவில் இருந்து ஆபீஸ் வாசல் வரை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். மனைவி வேலை தேடப்போகிற இரண்டு பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ அன்றைக்கே நேரில் போய் விசாரியுங்கள். திரும்பி வரும் வண்டியில் அந்தத் தாளை எடுத்து மறுபடி கணக்குப் போடுங்கள், இந்தத் தடவை பேனாவை அவர் கையில் கொடுத்து.